சேலையின் மறுமுனை பிடித்தவர்

விக்கிரமசிங்கபுரத்தில் பிள்ளை அழுகிற வீடெல்லாம் இசக்கிச்செல்விக்குத் தெரியும். கழுத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, பால் குடிக்காமல், தூக்கினால் வீலென்று கத்துகிற பிள்ளையை, 'உரம் விழுந்திருக்கு' என்று அவளிடம்தான் கொண்டுவருவார்கள். பழைய நூல்சேலையை மடித்து, பிள்ளையை நடுவில் கிடத்தி, ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் பிடிக்க, ஆற்றுத் தண்ணீர் தளும்புகிற மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் பைய உருட்டிவிடுவாள். அந்த இன்னொருவர் எப்போதும் அவள் புருஷன் சங்கிலிபூதத்தான். நூல் மில்லில் உழைத்துக் காய்த்த, வேல் பச்சை குத்திய கை. துணியை இழுக்கவும் மாட்டார், தொய்யவும் விடமாட்டார். பிள்ளை அழுகையை நிறுத்திச் சிரித்துவிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சோறு ரெண்டு வாய் கூட இறங்கும். மற்றபடி அந்த வீட்டில் அவளுக்குப் பேச்சு கிடையாது. பேசுவதெல்லாம் அவர்தான்.

மகன் மாரிசெல்வம் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மருமகள் கலையரசி பாளையங்கோட்டைப் பெண். பேரன் முகம் பார்த்துச் சிரிக்கிற பருவத்தில், பிள்ளையோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று மகன் ரெண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்பினான். வீட்டுக்குள் நுழைந்ததும் கைகால் கழுவிவிட்டு அவள் பேரனை வாங்கினாள். பால் கவிச்சியும் பவுடரும் கலந்த அந்த உச்சந்தலை வாசம்! பேரப்பிள்ளையின் உச்சியை ஒரு தடவை மோந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மற்றவர்களுக்கு எத்தனை சொன்னாலும் விளங்காது. பிள்ளை அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. அப்படியே நின்றாள், கால் கடுத்தும் உட்காரவில்லை.

நாலைந்து நாள் இப்படிச் சொர்க்கமாகப் போயிற்று. பிறகு ஒரு காலையில் பிள்ளை விடாமல் அழுதது. மாரிசெல்வம் ஆபீசில். கலையரசி குளிக்கப் போயிருந்தாள்.

"ஏட்டி, கழுத்தப் பாரு. இது உரந்தான்" என்றார் சங்கிலிபூதத்தான்.

"கலை வரட்டுங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்வோம்."

"ஊர்ப்பிள்ளைக்கெல்லாம் உருட்டுனவ, சொந்தப் பேரனுக்குப் பெர்மிஷன் கேக்கா! எடு சேலைய. நான் பிடிக்கேன்."

அவளுக்கும் கை துறுதுறுத்தது, இல்லையென்று சொல்ல முடியாது. உருட்டினாள். தொட்டிலுக்கு மேலே சுவரில் வெள்ளை முட்டை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. ராவிளக்கு என்று நினைத்திருந்தாள். அது கேமரா. ஆபீசில் உட்கார்ந்தபடி மாரிசெல்வம் போனில் பார்த்துவிட்டான். கேமராவுக்குள்ளிருந்து அவன் போட்ட சத்தத்தில் கலையரசி ஈரத் தலையோடு ஓடிவந்து, தொட்டிலில் போட்டிருந்த பிள்ளையை வாரி எடுத்தாள். அதற்குள் சங்கிலிபூதத்தான் பால்கனிக்குப் போயிருந்தார்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, காதில் லேசாகச் சளி, அதுதான் அழுகை என்றார் டாக்டர். இப்படி உருட்டியது தெரிந்ததும் கண்டபடி திட்டி அனுப்பினாராம். சாயங்காலம் கூடத்தில் விசாரணை நடந்தது.

"அந்தப் பக்கம் சேலைய யாரு பிடிச்சது?" மாரிசெல்வம் அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டான்.

"யாரு பிடிச்சா? கட்டில் கால்ல கட்டிக்கிட்டு ஒத்தையில உருட்டியிருக்கா. நான் பால்கனியில காத்தாட நின்னேன். படிச்சுப் படிச்சுச் சொன்னேன், இது ஊரு இல்லட்டி, கைவேலையெல்லாம் காட்டாதன்னு. கேட்டாளா?"

இசக்கிச்செல்வி அவர் முகத்தையே பார்த்தாள். இந்தா சொல்லிவிடுவார், இந்தா சிரித்துவிட்டு ஒப்புக்கொள்வார் என்று பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அத்தை, இனிமே நீங்க பிள்ளையத் தொடாதீங்க. எனக்கு நெஞ்சு பதறுது" என்றாள் கலையரசி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பெற்றவள்.

மறுநாளே மகன் ஊர்சுற்றிப் பார்க்கச் சீட்டுகள் வாங்கிக்கொடுத்துவிட்டான். பகலெல்லாம் வெளியே இருந்தால் வீட்டில் சண்டை இல்லை என்பது அவன் கணக்கு. ராட்டினத்தில் ஏறினார்கள். படகில் போனார்கள். ஆற்றோரம் நின்று, வாயால் தண்ணீர் பாய்ச்சுகிற சிங்கத்தைப் பார்த்தார்கள். சங்கிலிபூதத்தான் எல்லா இடத்திலும் அவள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்து மில் கூட்டாளிகளுக்கு அனுப்பினார். 'அண்ணாச்சி, மதினிக்கு யோகம்லா!' என்று பதில் வந்தது. அதை அவளிடமே வாசித்துக் காட்டினார்.

சாயங்காலம் வீடு திரும்பினால் அவர் கைகால் கழுவிப் பேரனை வாங்கிக்கொள்வார். அவளுக்குக் காய்ந்த துணி மடிக்கிற வேலை. அந்தக் குட்டிச் சட்டைகளை மடியில் வைத்து நீவி நீவி மடிப்பாள். கூடத்தில் பிள்ளை சிரிக்கும்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் ஓவிய மியூசியத்துக்கு அனுப்பினார்கள். பனிமலைக் காற்று மாதிரி குளிர். சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நடந்தாள். ஒரு கூடத்தில் ஆள் உயரப் படம்: ஒருத்தி பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், முகம் எங்கோ வேடிக்கை பார்க்கிறது, பிள்ளையின் தலை அவள் முழங்கைக்கு வெளியே தொங்குகிறது.

"ஐயய்யோ, கழுத்துக்குக் கை குடுக்காம வச்சிருக்காளே பாவி" என்றாள் இசக்கிச்செல்வி. அவள் கை தன்னாலே நீண்டு, அந்தப் பிள்ளையின் பிடரிக்குப் போய்விட்டது.

கீச் கீச்சென்று மணி அடித்தது. காவல்காரப் பெண் ஓடிவந்து கத்தினாள். கூடமே திரும்பிப் பார்த்தது. சங்கிலிபூதத்தான் காவல்காரியிடம் தன் நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டி, "வைஃப். மென்டல்" என்றார். காவல்காரி முகத்தைச் சுளித்தாள். அவர் இசக்கிச்செல்வி பக்கம் திரும்பினார்.

"படத்துப் பிள்ளையையும் உருட்டப் போறியாட்டி? சேலை கொண்டாரவா?"

பக்கத்தில் நின்ற ரெண்டு தமிழ்ப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். தன் பேச்சுக்குச் சிரிப்பு கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்.

அங்கே கிடந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். "இங்கேருங்க" என்றாள். "காலையில ப்ளேனு. இன்னைக்காவது சொல்லிருங்க, நீங்களும் பிடிச்சீங்கன்னு. நீங்கதான் செய்யச் சொன்னீங்கன்னுகூட வேண்டாம். கூடப் பிடிச்சேன்னு மட்டும்."

"சொன்னா என்ன ஆவும்? எனக்கும் தொட விடமாட்டா. ரெண்டு பேருக்கும் இல்லாமப் போறதுக்கு ஒருத்தருக்காவது இருக்கட்டுமே."

"அந்த ஒருத்தரு நானா இருந்தா என்ன?"

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டார். பிறகு, "ஒனக்கென்ன, ஊர்ல தெரு முழுக்கப் பிள்ளைய. போயி உருட்டு" என்று எழுந்து அடுத்த படத்துக்குப் போனார்.

அன்று சாயங்காலம் மாரிசெல்வம் கீழே பால் வாங்கப் போனான். அவளும் கூடவே போனாள். வாழ்நாளில் புருஷனைப் பற்றி மகனிடம் ஒரு சொல் சொன்னவள் இல்லை. கடைவாசலில் நின்று, வார்த்தையைப் பிடுங்கி எடுக்கிற மாதிரி சொன்னாள்.

"ஐயா, அன்னைக்கு மறுமுனைய ஒங்கப்பாதான் பிடிச்சாரு. நான் கட்டில் கால்ல எல்லாம் கட்டலய்யா."

மகன் பால் பாக்கெட்டைக் கை மாற்றினான். "தெரியும்மா."

"என்னது?"

"படத்துல கடைசியில, பிள்ளையத் தொட்டில்ல போடயில, அப்பா கை தெரியுது. அந்த வேல் பச்சை குத்துனது பளிச்சுன்னு தெரியுது. கலைக்கு அதுக்கு முன்னால உள்ள துண்டத்தான் காட்டுனேன்."

"ஏம்லே?"

"அவளுக்கு யார் மேலயாவது கோவம் வேணும்லா. அப்பாவச் சொன்னா அவரு ஊரக் கூட்டுவாரு, மருமவ வெரட்டிட்டான்னு பாவநாசத்துல பஸ் ஏறி அம்பாசமுத்திரம் வரைக்கும் சொல்லிக்கிட்டே போவாரு. நீன்னா தாங்கிக்கிடுவ." சொல்லிவிட்டுச் செல்லமாக அவள் தோளைத் தட்டினான். "நீ நல்ல அம்மால்லா."

லிஃப்டில் அவன் போனைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

காலையில் மாரிசெல்வம் பெரிய பெட்டிகளை எடுத்துக்கொண்டு டாக்சியில் வைக்கக் கீழே போனான். சங்கிலிபூதத்தான் பேரனைக் கொஞ்சி முத்தி, மூக்கோடு மூக்கு உரசி, அது சிரிக்கச் சிரிக்கத் தாயிடம் கொடுத்தார். இசக்கிச்செல்வி கதவோரம் கைப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். பிள்ளையைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தாள். பார்த்தால் அழுதுவிடுவாள்.

கலையரசிக்கு என்ன தோன்றியதோ, ரெண்டு எட்டு முன்னால் வந்தாள். "அத்தை, ஒரு நிமிஷம் தூக்கிக்கிடுங்க. ஊருக்குப் போறீங்க. மாமாதான் பக்கத்துல இருக்காங்கல்லா."

இசக்கிச்செல்வி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். துடைத்த கையை மறுபடி துடைத்தாள். நீட்டினாள்.

"வேண்டாம்மா, வேண்டாம்" என்று சங்கிலிபூதத்தான் இடையில் வந்தார். கையில் பிள்ளை விழுந்தால் அவள் உடைந்துவிடுவாள், உடைந்தால் வாய் திறந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். "இப்பத் தூக்குனா இவ எறக்க மாட்டா. ப்ளேனு போயிரும். அவ கை ஒரு நேரம் போல இருக்காது, நீ உள்ள கொண்டு போ தாயி."

கலையரசி தயங்கினாள். பிறகு மாமனார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பிள்ளை அவள் தோளுக்கு மேலாக ஆச்சியைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்தது. கதவு சாத்திக்கொண்டது.

நீட்டிய கை அப்படியே இருந்தது. அதை மடக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போனாள். சங்கிலிபூதத்தான் கைப்பெட்டியை வெளியே மறந்துவிட்டு உள்ளே வந்து, சட்டையை மோந்து, "பய வாசம் இன்னும் அடிக்குட்டி" என்றார்.

"பெட்டிய யாருலே எடுப்பா?" என்றாள் இசக்கிச்செல்வி. "எடுலே."

அவர் திடுக்கிட்டுத் திரும்பி, 'லே' போட்டு யாரைச் சொல்கிறாள் என்று பின்னால் பார்த்தார். அங்கே கண்ணாடிதான் இருந்தது. வெளியே போய்ப் பெட்டியைத் தூக்கினார்.