மலையகத்தில் நான் எழுதிய பரீட்சை

கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றின் டியூஷன் தகரக் கொட்டகைக்குள், அப்போதுதான் ‘ரோனியோ’ மெஷினில் படியெடுத்த ‘டியூட்’ பாடக்குறிப்புத் தாள்களின் மை வாசனையும் நூற்றைம்பது பிள்ளைகளின் வியர்வையும் கலந்து மூக்கில் ஏறும். கரையோர ரயில் போகும்போது இரசாயனவியல் மாஸ்ரரின் குரல் அதற்குள் அமிழ்ந்துபோகும். போர்க்காலம். சந்திக்குச் சந்தி அடையாள அட்டை கேட்பார்கள். ஆனாலும் நான் ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை. காசு கொடுத்து வாங்கக்கூடிய அத்தனை வகுப்புகளையும் அப்பா எனக்கு வாங்கித் தந்திருந்தார்.

அப்பா யாழ்ப்பாணத்தவர், கொழும்பில் வங்கி உத்தியோகம். எழுபதுகளில், தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்ட ‘தரப்படுத்தல்’ தன் மருத்துவபீட இடத்தைப் பறித்ததென்று சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து கத்துவார். “என்ரை இடத்திலை வேறை ஒருத்தன் இருந்து படிச்சவன், தெரியுமோ?” அந்தக் கோபத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

அப்படிப்பட்டவர்தான், நான் பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே, மலையகத்துப் பாடசாலையொன்றில் அதிபராக இருந்த தன் நண்பரைப் பிடித்து, அந்தப் பள்ளி இடாப்பில் என் பெயரைப் பதிய வைத்தார். ஆசிரியர் இல்லாத மாவட்டத்துப் பிள்ளைகளும் பல்கலைக்கழகம் போகட்டும் என்று அங்கே வெட்டுப்புள்ளியைக் குறைத்து வைத்திருந்தார்கள். படிப்பது கொழும்பு டியூஷனில், எழுதுவது அங்கே. எங்கள் ஒழுங்கையில் பலர் இதைச் செய்து, ‘கெட்டித்தனம்’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். நான் இதைக் களவு என்கிறேன்.

பரீட்சைக்காக அதிபரின் விடுதியில் தங்கியிருந்தபோது அறிமுகமானவள், அதே பரீட்சை எழுதிய புஷ்பராணி. தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாயின் மகள். “எங்க ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி சொல்லிக்குடுக்க சேரே இல்லக்கா. நாங்களா படிச்சுக்கிறதுதான்” என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்: “ஆமா, கொழும்புல இல்லாத ஸ்கூலா? ஏங்க்கா இங்க வந்து எழுதுறீங்க?”

என் வாயில் பொய் தயாராக இருந்தது. “அங்கை ஒரே ரவுண்டப். எந்த நேரமும் பொலிஸ் வரும். அதுதான் அப்பா இஞ்சை அனுப்பினவர்.”

“ஐயோ, பாவம்க்கா நீங்க.”

அடுத்த நாள் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்கென்று கொண்டுவந்திருந்தாள். எங்கள் வீட்டுக் கதவை உண்மையிலேயே தட்டிய போரை நான் அப்படிப் பயன்படுத்தினேன். டியூட் கட்டு என் பைக்குள்தான் இருந்தது. ஒன்றைக்கூட எடுத்து அவளுக்குக் காட்டவில்லை.

முடிவுகள் வந்தன. அந்த மாவட்டத்திலிருந்து மருத்துவபீடத்துக்கு எடுக்கப்பட்ட கடைசிப் பெயர் என்னுடையது. கொழும்பில் எழுதியிருந்தால் அந்த வாசலைக்கூட மிதித்திருக்கமாட்டேன். வாழ்த்த வந்த அதிபர் தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: “அடுத்த பேர் எங்கடை புஷ்பராணிதான். ரெண்டு புள்ளி வித்தியாசம்.”

“அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? எனக்கும் செய்தவங்கள்தானே” என்றார் அப்பா.

அவளா உங்களுக்குச் செய்தாள் என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. எனக்காக வாங்கிய கேக்கை வெட்டினேன்.

கொட்டகை இருந்த இடத்தில் இன்று ஒன்பது மாடிக் கட்டடம். ரோனியோ மெஷின் போய்விட்டது. டியூட் கைபேசிக்கு வருகிறது. மாஸ்ரர் கனடாவில். நான் டொக்டர். போன வாரம் என் கணவர் மகளின் படிப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவர், “மன்னார்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் பாப்பமே? எல்லாரும் செய்யினம்தானே” என்றார். அப்பாவின் அதே கெட்டித்தனம். நான் கத்திய கத்தலில் மகள் அறையிலிருந்து ஓடிவந்தாள். அன்றுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் “அப்ப அந்த அன்ரி இப்ப என்ன செய்யிறா, அம்மா?” என்றாள்.

எனக்குத் தெரியாது. விடுமுறைக்கென்று அந்த மலைப்பாதையால் எத்தனையோ தடவை போய்வந்திருக்கிறேன். ஒருநாளும் இறங்கி விசாரித்ததில்லை.