உப்பு குடித்த அரளி

அம்மா பூச்செடிகளுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றியதை முதலில் பார்த்தவள் நான்தான். அப்போது செரண்டாவுக்கு அருகே ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசைவீட்டில் இருந்தோம். வாசலில் அரளி, காகிதப்பூ, இட்லிப்பூ என்று தொட்டிகள். ஓர் இலையைக் கிள்ளினால்கூட அம்மாவிடம் அடி விழும்.

அந்தச் சமயம் அப்பாவுக்குக் கோலா சிலாங்கூரில் லோரி ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. அங்கே தந்த வீடு ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி. கடல் ஏறும் நாள்களில் வாசல்வரை உப்புத் தண்ணீர் வருமாம்.

"நீங்க போங்க. நானும் பிள்ளைங்களும் வரல," என்றார் அம்மா.

"நான் அங்க, நீங்க இங்க. ரொம்ப நல்லா இருக்கும் லா!" என்றார் அப்பா.

குடும்பம் இரண்டாகிவிடும் என்றே நம்பினேன். இன்று என் கணவரிடம் நான் குரல் உயர்த்தும்போது என் மகள் எதையெல்லாம் நம்பிவிடுகிறாளோ என்று பயப்படுகிறேன்.

அம்மா வாளியில் கல்லுப்பைக் கரைத்ததைப் பார்த்துவிட்டு அக்காவிடம் ஓடினேன்.

"செடிக்குக் கண்ணு கழிக்கிறாங்கடி," என்றாள் அவள்.

"சுத்தி அடுப்புலதானே போடணும்?"

"அது மனுசனுக்கு. தொட்டியத் தூக்கிச் சுத்துவாங்களா, மடச்சி?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் இலை நுனிகள் கருகின. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. இட்லிப்பூச் செடி ஒன்று செத்தே போனது. அம்மா அடுத்த வாரம் உப்பை இன்னும் கொஞ்சம் கூட்டினார். அப்பாமேல் உள்ள கோபத்தில் செடிகளைக் கொல்கிறாரோ? இரவானால் அதே பேச்சு: "வரல."

ஒரேயடியாக உப்புப் பட்டால் செடி தாங்காது. சிறுகச் சிறுகக் கொடுத்தால் சில செடிகள் பழைய இலைகளில் உப்பைத் தள்ளி உதிர்த்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் பின்னால் படித்தது. அன்று நான் கண்டது, அரளியில் சின்னதாய்த் தடித்த புது இலைகள் வந்ததும், அம்மா அவற்றைத் தடவிப் பார்த்து, "பழகிடுச்சு," என்று தனக்குள் சொன்னதும்தான்.

சனிக்கிழமை லோரி வந்தது. அப்பா தன் பெட்டியை மட்டும் தூக்கினார்.

"தொட்டிய முதல்ல ஏத்துங்க," என்றார் அம்மா.

"நீ?"

"செடிக்கு நீங்களா தண்ணி ஊத்துவீங்க?"

அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு லோரி கிளம்பியதும் அக்காவின் காதில், "அம்மா எப்ப சரின்னு சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"இப்பத்தானே சொன்னாங்க. நீ பாக்கல?"

உப்பு வாளியை மறந்து, நானும் அப்படியே நம்பினேன்.