ஏழரை மணி விருந்து

இந்த ஊரில் ஜூன் மாதத்தில் சூரியன் ஒன்பது மணிக்கு மறைகிறது. டிசம்பரில் நாலரைக்கே மூட்டை கட்டிவிடுகிறது. காஞ்சிபுரத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு இது பூகோளப் பாடம். எனக்கு அடுப்பங்கரை விஷயம். நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. ஊரில் இதற்குக் கடிகாரம்கூடத் தேவைப்பட்டதில்லை. ஐந்தே முக்காலுக்குத் தட்டு வைத்தால் விளக்கு ஏற்றுவதற்குள் கை கழுவிவிடலாம். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஓய்வதற்குள் எங்கள் வீட்டில் பாத்திரங்களைக் கவிழ்த்தாகிவிடும். அமெரிக்கா வந்த முதல் கோடையில் எதிர்வீட்டு மிஸஸ் ஆல்சனைச் சாப்பிட அழைத்தேன். எத்தனை மணிக்கு என்று கேட்டாள். வாயில் பழகிப்போன பதிலைச் சொன்னேன்: "சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்னால்." அவள் எட்டரை மணிக்கு, பசியில் சிணுங்கும் இரண்டு பிள்ளைகளோடும் கையில் ஒரு பூங்கொத்தோடும் வந்து நின்றாள். அதற்குள் நான் சாம்பாரை நாலு தடவை சூடுபண்ணியிருந்தேன். இந்தியாவில் எல்லோருமே இவ்வளவு நேரம் கழித்துத்தான் சாப்பிடுவார்கள் என்று அவள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

இந்த வழக்கத்தை எனக்குக் காப்பாற்றிக் கொடுத்தவர் அப்பா. அவருக்கு வாலாஜாபாத்தில் நெல் மண்டி. அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சென்னையில் தாவரவியல் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் செங்கல்பட்டு போய் அங்கிருந்து வரும் ரயிலில் ஊர் திரும்புவேன். ரயில் காஞ்சிபுரம் வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். அப்புறம் மறுநாள் காலை வரை வயிறு காய வேண்டியதுதான். அதனால் அப்பா மண்டியைப் பாதியில் விட்டுவிட்டு டிபன் கேரியரோடு வாலாஜாபாத் ஸ்டேஷனில் நான் இருக்கும் பெட்டியில் ஏறிக்கொள்வார். ஓடும் ரயிலில் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாதம் வைப்பார். "அவசரப்படாத ராஜி, மேற்க பாரு, இன்னும் கால் மணி நேரம் இருக்குது" என்பார். எதிரே இருக்கிறவர்கள் எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த தரணேந்திரன் அப்போதே அமெரிக்காவில் இதே தாவரவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எங்கள் ஜாதியில், வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். காபி கொடுத்ததும் நகையைப் பற்றியோ சீரைப் பற்றியோ பேசாமல் அப்பாவிடம் அவர் சொன்னது இதுதான்: "மாமா, அவங்களும் அங்க வந்து பிஎச்.டி. பண்ணட்டும். முதல்ல எனக்கு ஒரு வேலை, அப்பறம் அவங்களுக்கு. ரெண்டு பேரும் ஒரே டிபார்ட்மெண்ட்ல வாத்தியாரா இருக்கப் போறோம், பாருங்க." அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பேச்சுக்காகத்தான் நான் சம்மதித்தேன். இன்றைக்கும் அதை மறைக்கவில்லை.

நான் இங்கே வந்து பிஎச்.டி. முடித்தேன். அவருக்கு அதே பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை, கிடைக்கவும் வழியில்லை. ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு ஆசிரியர் வேலை தரக்கூடாது என்று அங்கே ஒரு விதி இருந்தது. சொந்தக்காரர்களை உள்ளே நுழைத்துவிடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் போட்டதாம். நடைமுறையில் அது தேடிப் பிடித்ததெல்லாம் மனைவிமார்களை மட்டும்தான். நான் வேறொரு பேராசிரியரின் கீழே, நிலத்தடி அறையில், ரிசர்ச் அசோசியேட் என்ற பெயரில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் பட்டால் மட்டுமே முளைக்கிற களை விதைகளைப் பற்றியது என் ஆராய்ச்சி. அந்த விதைகளைக் கெடுக்காமல் பார்க்க வேண்டும் என்பதால் மங்கலான ஒரு பச்சை விளக்கில்தான் வேலை. கட்டுரைகளில் பேராசிரியரின் பெயர் முதலில் வரும், என் பெயர் அடுத்து வரும். கதவில் எந்தப் பெயரும் கிடையாது.

எழுபதுகள் பிறந்ததும் காற்று திரும்பியது. அந்தக் குடும்ப விதியை எடுத்துவிட்டார்கள். அரசாங்கப் பணத்தில் ஆராய்ச்சி நடத்தும் பல்கலைக்கழகங்கள் பெண்களையும் வெள்ளையர் அல்லாதவர்களையும் ஆசிரியர்களாக எடுக்க முயல்கிறோம் என்று எழுத்தில் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் துறையில் அதுவரை ஒரு பெண் ஆசிரியரும் இல்லை. ஒருநாள் துறைத் தலைவரே நிலத்தடி அறைக்கு இறங்கி வந்தார். ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஓர் இடம் காலியாக இருக்கிறது, விண்ணப்பம் போடுங்கள் என்றார். "நீங்கள் நேர்காணலுக்கு வருவதே எங்களுக்குப் பெரிய உதவி" என்றும் சொன்னார். வெள்ளைக்காரர்களின் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். மாடிப்படி ஏறும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நேர்காணல் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. பகலில் ஆராய்ச்சி உரை, மாலையில் தலைவர் வீட்டில் விருந்து. உரைக்கு என் கணவர் என்னைத் தயார்படுத்திய விதத்தை இன்றும் மறக்கவில்லை. சமையலறையில் நிற்க வைத்து மூன்று தடவை பேச வைத்தார், படங்களை வரிசை மாற்றிக் கொடுத்தார். விருந்துதான் தகராறாக ஆனது.

"ஏழரைக்கு விருந்து. நீ சாப்பிடணும், ராஜி."

"அது எப்படிங்க முடியும்? சும்மா உக்காந்துக்கினு பேசிட்டு வரேன்."

"பகல்ல நீ பேசறதக் கேப்பாங்க. ராத்திரி உன் தட்டத்தான் பாப்பாங்க. சாப்பிடலன்னா இவ நம்மளோட ஒட்ட மாட்டான்னு முடிவு கட்டிடுவாங்க."

"இத்தன வருஷமா அவங்க வீட்டுக்குச் சாப்பிடாமத்தான போய்க்கினு இருக்கேன்."

"அப்ப நீ என் பொண்டாட்டி. இப்ப கேண்டிடேட்."

நான் அசையவில்லை. அப்போதுதான் அவர் அந்த யோசனையைச் சொன்னார். "இங்க ராத்திரி ஏழரைன்னா ஊர்ல காலையில ஏழு. சூரியன் வந்திருக்கும். அந்தச் சூரியன நெனச்சிக்கினு ஒரு வாய் சாப்பிடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படி ஒரு கோணல் சமாதானத்தைக் கண்டுபிடிக்கிற மனிதர் நமக்கு வாய்த்தாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

உரை நன்றாகவே நடந்தது. கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொன்னேன். மாலையில் தலைவரின் மனைவி கதவைத் திறந்ததும் என் சேலையைத் தொட்டுப் பார்த்து, இதுதான் காஞ்சிபுரம் பட்டா என்று கேட்டாள். பருத்தி என்றேன். புழுவைக் கொல்லாமல் பட்டு கிடையாது, அதனால் எங்கள் வீட்டில் யாரும் பட்டு உடுத்துவதில்லை என்று விளக்கினேன். பட்டு வாங்க வசதியில்லை போலிருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, என் கையைப் பரிவோடு பிடித்துக்கொண்டாள். மேஜையில் எனக்கென்று பட்டாணியும் சாதமும் வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. எதிரே என் கணவர் இருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நான் ஊர்ச் சூரியனை நினைத்துக்கொண்டு முதல் வாயை எடுத்தேன். முப்பது வயது தாண்டி வாழ்க்கையில் முதல் தடவை. உப்பே இல்லாத பட்டாணி. கிளம்பும்போது தலைவர் மறுபடியும், "நீங்கள் வந்தது பெரிய உதவி" என்றார்.

முடிவு தெரிய நாளாகும், அதுவரை ஊருக்குப் போய் இருந்துவிட்டு வா என்று கணவர் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். ஏப்ரலில் காஞ்சிபுரம் வந்தேன். அம்மா காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன, அண்ணி சமைத்தாள். அப்பா மண்டியிலிருந்து ஐந்தரைக்கே வந்துவிடுவார். தினமும் சாப்பிடும்போது, "இந்த வாரம் லெட்டர் வந்துடும்பா" என்பேன். "வரும்மா, வராம எங்க போவுது" என்பார். ஒருநாள் மனசு கேட்காமல், இருட்டில் சாப்பிட்டதைச் சொல்லிவிட்டேன். திட்டுவார், அல்லது எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பரவால்லம்மா, போன எடத்தில அப்படித்தான்" என்றார். ஓடும் ரயிலில் தொங்கிக்கொண்டு சாதம் வைத்த மனிதர் இவ்வளவு சுலபமாக மன்னித்தது எனக்கு வியப்பாக இருந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்தது. கணவர் அதை வேறு உறையில் போட்டு அனுப்பியிருந்தார். தகுதியுள்ளவர்கள் பலர் வந்திருந்தார்கள், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று நாலு வரி. அழுதேன். அழுது முடித்ததும், எங்கள் வீட்டில் படித்த கடிதத்தை என்ன செய்வோமோ அதைச் செய்யப் போனேன். கூடத்தில், கிழக்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், நுனி வளைந்த நீளக் கம்பி ஒன்று தொங்கும். வந்த கடிதங்களையெல்லாம் அதில் குத்தி வைப்பது வழக்கம். கம்பி நிறைந்திருந்தது. இடம் பண்ணுவதற்காகக் கொத்தாக உருவினேன். நடுவில் என் கணவரின் கையெழுத்தில் ஒரு ஏரோகிராம், நீல விமானத் தபால், இருந்தது. எனக்கு யாரும் காட்டாத கடிதம். தேதியைப் பார்த்தேன். விருந்துக்கு ஒன்பது நாள் முன்னால் எழுதியது.

"அந்த வேலை தலைவருடைய பழைய மாணவருக்கு என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஒரு பெண்ணையும் கூப்பிட்டுப் பார்த்தோம் என்று ஃபைலில் இருக்க வேண்டுமாம். ராஜியை வரச்சொல்லி என்னிடம் கேட்டார். என் வேலையை நிரந்தரம் ஆக்குவதும் இந்த வருஷம் அவர் கையில்தான் இருக்கிறது, மறுக்க முடியவில்லை. ராஜிக்குத் தெரியாது, சொல்ல வேண்டாம். இரவு விருந்தில் அவள் சாப்பிட வேண்டியிருக்கும், பெரியவர்கள் மன்னிக்கவும். பிறகு ஊருக்கு அனுப்புகிறேன், இரண்டு மாதம் வைத்துத் தேற்றி அனுப்புங்கள்." கம்பி குத்திய ஓட்டை என் பெயரின் மேலேயே விழுந்திருந்தது.

அப்பா ஐந்தரைக்கு வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"படிச்சிட்டியாம்மா?"

"தெரிஞ்சிக்கினேதான் தினம் வரும் வரும்னு சொன்னீங்களாப்பா?"

"மாப்ள கேட்டுக்கினாரு. அவருக்கு வேலை உறுதியாவணும் இல்ல."

"எனக்கு?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நம்ம ஊர்ல மட்டும் என்னா வாழுது. ஒருத்தர முடிவு பண்ணிட்டுத்தான் நாலு பேரக் கூப்ட்டு வரிசையா உக்கார வெக்கிறாங்க. எல்லா எடத்திலயும் இதான்மா."

அவர் சொன்னது பொய்யில்லை. நம்மிடம் கண்துடைப்பு என்று ஒரு வார்த்தையே இருக்கிறது. அங்கே போனால் திறமைக்கு மதிப்பு என்று சொல்லித்தான் நாமெல்லாம் விமானம் ஏறுகிறோம். நானும் அப்படித்தான் ஏறினேன். பெண்களை எடுக்கச் சொன்ன அந்த உத்தரவின் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை, அது எனக்காகத்தான் வந்தது. என்னையே கருவியாக வைத்து அதை ஏய்த்தார்கள். அவர்களாவது அந்நியர்கள். என்னைக் கைப்பிடித்து அழைத்துப்போய் அந்த மேஜையில் உட்கார வைத்தவர் என் வீட்டுக்காரர்; தெரிந்தும் வாய் மூடியிருந்தவர் என்னைப் பெற்றவர். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அப்பா சூரியன் மறையும் வரை தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

திரும்பி வந்து கணவரிடம் கேட்டேன். அவருக்கு அதற்குள் டென்யூர், அதாவது நிரந்தர வேலை, உறுதியாகியிருந்தது. "முன்னாடியே சொல்லியிருந்தா நீ அவ்ளோ நல்லாப் பேசியிருக்க மாட்ட ராஜி. எல்லாரும் உன்னப் பாராட்டினாங்க" என்றார். உண்மையாகவே அதை ஒரு நன்மையாக நினைக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"பேச்சு சரிங்க. சாப்பாடு?"

அவர் எழுந்து என் பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

இப்போது நாற்பது மைல் தள்ளி ஒரு சின்னக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆராய்ச்சிக்கு அங்கே வசதி இல்லை; விதைகளை நிலத்தடி அறையிலேயே விட்டுவிட்டேன். கதவில் என் பெயர் இருக்கிறது. குளிர்காலத்தில் நாலு மணிக்கு வகுப்பு முடிந்ததும் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு டிபன் கேரியரைத் திறக்கிறேன். மேற்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இங்கே இருக்கிற சூரியனை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். பஸ் பிடித்து வீடு சேரும்போது இருட்டியிருக்கும். அவர் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு என் வரவுக்காக வாசல் விளக்கைப் போட்டு வைத்திருப்பார்.

அந்த ஏரோகிராமை ஊரிலிருந்து கையோடு எடுத்து வந்துவிட்டேன், மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதன் பின்பக்கம் காஞ்சிபுரம் தபாலாபீஸ் முத்திரை விழுந்திருப்பதைப் போன வாரம்தான் கவனித்தேன். விருந்து நடந்த அதே வியாழக்கிழமை அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் முதல் வாயை எடுத்த நேரம் அங்கே வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. கணவர் சொன்னது சரிதான், ஊரில் சூரியன் வந்துவிட்டிருந்தது. கிழக்கு ஜன்னல் வழியாக அது கடிதக் கம்பி தொங்கும் எதிர்ச் சுவரில்தான் முதலில் விழும். நான் நினைத்துக்கொண்டு சாப்பிட்ட வெயில் அந்தக் கடிதத்தின் மேல் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.