நேத்து அக்காவும் பழக் கட்டமும்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் இருக்கிறது. அது சம்பளப் பட்டியலோடு சரி. ஊருக்கு அவள் 'நேத்து அக்கா'. கதவு திறந்ததும், "நேத்து என்ன சாப்பிட்டீங்க? காலையிலேர்ந்து வரிசையா சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். சுகாதாரத் துறையின் உணவுக் கணக்கெடுப்பில் ஒப்பந்த வேலை. வீட்டுக்காரர் இடுப்பொடிந்து படுத்த பிறகு அந்த வேலையை நம்பித்தான் வீட்டில் உலை கொதித்தது. மூன்று வருஷ ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பார்களா, கையை விரிப்பார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அரசாங்கம் ஒரு தட்டுப் படம் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்திருந்தது. பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு தானியம், மீதி பருப்போ முட்டையோ மீனோ. உப்பும் சர்க்கரையும் கிள்ளித்தான் போட வேண்டும். ஜனங்கள் அந்தப்படி தின்கிறார்களா என்று கேட்டு எழுதுவது அவள் பாடு.

ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள். மூன்றாம் மாடி வாத்தியார் உதட்டில் எண்ணெய் மினுமினுக்க, "ராத்திரி வெறும் கீரைதாங்க" என்றார். பின்னால் மேசைமேல் பொரித்த கோழி டப்பா திறந்தே கிடந்தது. "இனிப்பா? அந்தப் பக்கம் தலைவச்சுக்கூட படுக்கிறதில்லை" என்ற தையற்கடைக்காரியின் வாய்க்குள் மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது. அடேங்கப்பா, வாய் கூசாத ஜென்மங்கள்! நேத்து அக்கா அத்தனையையும் எழுதிக்கொண்டாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உண்மை பேசிய ஒரே மனுஷர் குடியிருப்புக் காவலாளி. "பழமா? நமக்கேதும்மா அதெல்லாம். டீயும் பன்னும்தான்."

அவர் தாளில் பழக் கட்டம் காலியாகப் போனது. மேற்பார்வையாளர் அதை மூஞ்சியில் எறியாத குறையாகத் திருப்பிக் கொடுத்தார். "காலிக் கட்டத்தை கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"பூஜ்யம் போடட்டுமா சார்?"

"பூஜ்யம் போட்டா மேலேர்ந்து கேள்வி வரும். நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க? இன்னொரு தடவை இப்படி வந்தா ஒப்பந்தத்தையே மறந்துடுங்க."

மறுநாளே காவலாளியைப் பிடித்தாள். "நல்லா யோசிச்சுப் பாருங்கண்ணே. ஒரு பழம்கூடவா வாயில படலை?"

"பன்னுல ஜாம் தடவியிருந்துச்சும்மா."

"ஜாம் எதுல பண்றாங்க? பழத்துலதானே!"

எழுதிவிட்டாள். பழகிவிட்டால் அப்புறம் என்ன, மூன்று வருஷத்தில் ஊர் முழுக்கப் பழமாகத் தின்று தீர்த்தது. அவள் மட்டும் மதியத்தில் யார் வீட்டு மாடிப்படியிலோ உட்கார்ந்து டீயில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றாள். பாழாய்ப்போன கணக்கெடுப்பில் அவளைக் கேட்பார் இல்லை.

கடைசி வாரம் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். அவர் முகமெல்லாம் பல். "நம்ம வட்டாரந்தாம்மா பழத்துல முதலிடம்! மேலிடத்துல ஒரே பாராட்டு. ஜனங்க திருந்திட்டாங்க."

"சந்தோஷம் சார். என் ஒப்பந்தம்...?"

"திருந்தினவங்ககிட்ட போய் இன்னும் என்னத்தைக் கேக்கிறது? கணக்கெடுப்பையே நிறுத்திட்டாங்க."

கட்டிலில் கிடக்கும் மனுஷன் கண்முன் வந்து நின்றான். வருவது வரட்டும் என்று போட்டு உடைத்துவிட்டாள். "சார், ஒருத்தரும் திருந்தலை. பாதி அவங்க சொன்ன பொய், மீதி நான் சொல்லவச்ச பொய். நிறுத்திடாதீங்க சார், இனிமேயாவது நிஜத்தை எழுதித் தர்றேன்."

அதிகாரியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. வெள்ளைத் தாள் ஒன்றையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். "பொய்க் கணக்கு எழுதினேன்னு கைப்பட எழுதுங்க, மேலே அனுப்பிடறேன். அப்புறம் எந்த ஆபீஸ்லயும் உங்களைச் சேர்க்க மாட்டாங்க, சொல்லிட்டேன். இல்லையா, நல்லா வேலை செஞ்சாங்கன்னு சான்றிதழ் தர்றேன். நாலு இடத்துல காட்டி வேலை கேக்கலாம். எது வேணும்?"

தாளைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பேனாவை எடுத்து மூடி, அவர் பக்கமே வைத்தாள்.

"இல்லீங்க சார். சாப்பிட்டாங்க, வயிறு முட்டப் பழம் சாப்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சான்றிதழுக்குக் கையை நீட்டினாள்.