சுருங்காத ரேகை

இது நடந்தது. நான் சேர்த்தது எதுவும் இல்லை. சேர்ப்பதாக இருந்தால் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் மூளை சேர்த்திருப்பேன்.

அவருடைய மாமனாரின் பட்டறையில் பம்புக்குள் சுழலும் பீங்கான் சக்கரங்கள் செய்கிறார்கள். இரும்பை விடக் கடினமானவை. கெட்டிப் பீங்கானைக் கடைந்து அந்த வளைவுகளைக் கொண்டுவந்தால் செலவு கண்ணைக் கட்டும். அதனால் பொடியைக் குழம்பாக்கி, அச்சில் ஊற்றி, உறைந்ததும் உலர்த்திச் சூளையில் வைப்பார்கள். வெந்ததும் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அவசரப்பட்டால் வெடித்துவிடும்.

பழைய சூளைக்காரர் இரண்டு நாள் மெல்லத்தான் சூடேற்றுவார். மாப்பிள்ளை அவருக்கு வைத்த பெயர் ‘நத்தை’. வேலையை விட்டும் அனுப்பினார். மூன்றாம் மாதம் மனிதர் இறந்துபோனார்.

“இனிமே எட்டே மணி நேரம்தான்,” என்றார் மாப்பிள்ளை.

“மாதிரிக்குக் கம்பெனிக்காரன் கேட்ட இருபத்துநாலு சக்கரமும் போச்சுன்னா, அப்பா பட்டறையைத் தம்பிகிட்ட கொடுத்துடுவார்,” என்றாள் மனைவி.

“உங்கப்பாவுக்கே நான் பாடம் எடுக்கிறேன், பாரு.”

எடுத்தார்.

மதியம் 2.40. மாப்பிள்ளையைத் தவிர எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சூளை ஆயிரத்து அறுநூறு டிகிரியில் இருந்தது.

டொக்.

சத்தம் சூளைக்குள்ளிருந்து வந்தது.

2.41. டொக்.

சூளைக்காரர் ஒவ்வொரு சக்கரத்தையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். நல்லது கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது டொக்கென்று சொல்லும். ஒன்றுக்கு ஒரு நிமிடம். அவசரமே கிடையாது.

2.42. டொக்…

“யாரு உள்ளே?” என்றார் மாப்பிள்ளை. கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.



டொக்…

3.02. இருபத்துமூன்றாவது.

3.03.

ணங்…

அப்புறம் ஒன்றுமில்லை.

மறுநாள் சூளை ஆறியதும் திறந்தார்கள். இருபத்துமூன்று விரிசல். ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. அதன் நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை, குறுக்கே வெட்டுத் தழும்போடு.

“சாவியை வச்சுட்டுப் போங்க, மாப்பிள்ளை,” என்றார் மாமனார்.

“ஈரத்துல எவனோ விரலை வச்சிருக்கான், அதான்…”

மனைவி பழைய வருகைப் பதிவேட்டை எடுத்தாள். சூளைக்காரருக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுதான். அதே ரேகை. அதே தழும்பு.

பிறகு ஸ்கேலை வைத்து இரண்டையும் அளந்தாள். மறுபடி அளந்தாள்.

ஈரத்தில் பதிந்திருந்தால் சக்கரத்தோடு ரேகையும் சுருங்கியிருக்க வேண்டும்.

ஒரு மயிரிழைகூடச் சுருங்கவில்லை.

வெந்த அந்தப் பீங்கானில் இரும்பு ஆணியால்கூடக் கீறல் போட முடியாது.