ஆதாரம் அக்காவும் இரண்டு கையுறைகளும்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பெயர் ஆதாரம் அக்கா. இந்தப் பயிற்சி ரொம்ப நல்லது என்று யாராவது வாயெடுத்தால் போதும், "யார் அளந்து பாத்தாங்க?" என்று மடக்கிவிடுவாள். பக்கவாதத்தில் கை விழுந்தவர்களைத் தாங்களே சட்டை பட்டன் போடவும், சாப்பிடவும், பழைய தொழிலுக்குத் திரும்பவும் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிதான் அவளுடைய வேலை. பதினோரு வருடமாக எல்லோருக்கும் கொடுத்துவந்த ரப்பர் பந்தை, ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்த கையோடு பரணுக்கு அனுப்பியவள். பந்தை அமுக்கிப் பழகினால் பந்து அமுக்கத்தான் வரும், பட்டன் போட வராது என்பது அவள் கட்சி.

அவளிடம் வந்து சேர்ந்தார் ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர். வலது கை லேசாக அசையும், சாவி பிடிக்காது. மூடிக்கிடக்கும் கடையில் மறுபடி உட்கார வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது. அக்கா அவருடைய நல்ல கையான இடது கைக்குத் தடித்த துணியில் ஒரு கையுறை மாட்டிவிட்டாள். தினம் ஆறு மணி நேரம் கழற்றக் கூடாது. அப்போதுதான் சோம்பிக்கிடக்கும் வலது கை வேறு வழியில்லாமல் வேலைக்கு வரும். பல நாடுகளில் அளந்து பார்த்த முறைதான். துறைத் தலைவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். மூன்று வாரத்தில் எண் நகராவிட்டால் பூட்டுக்காரரின் நேரத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

எண் என்பது, ஒன்பது குச்சிகளைப் பலகைக் குழிகளில் நட்டுப் பிடுங்க ஆகும் நொடிகள். முதல் நாள் தொண்ணூற்றாறு. பத்தாம் நாள் தொண்ணூற்றைந்து. கையுறை மாட்டிய நேரத்தை வீட்டில் எழுதிவரச் சொல்லியிருந்த நோட்டோ தினமும் ஆறு மணி நேரம் என்று சாதித்தது. கையுறையைத் திருப்பிப் பார்த்தாள் அக்கா. பத்து நாள் மாட்டியது என்று யாரும் சொல்ல முடியாது, அப்படியொரு வெள்ளை. மாட்டவே இல்லை, என் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று முடிவு கட்டி, மறுநாள் சாப்பாட்டு வேளை பார்த்து வீட்டுக்கே போய் நின்றாள்.

கையுறை கையில்தான் இருந்தது. இடது கை மடியில் ஓய்வெடுத்தது. வலது கை அதற்குத் துணையாகப் பக்கத்தில் ஓய்வெடுத்தது. மனைவி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அவரா சாப்பிட்டா ஒரு மணி நேரம் ஆகும் மேடம். பாதி மடியில கொட்டும். நான் இருக்கிறப்ப அவருக்கு எதுக்குச் சிரமம்?"

"நான் கேக்கவே இல்ல மேடம்," என்றார் பூட்டுக்காரர், அடுத்த வாய்க்குக் காத்திருந்தபடி. "குடுக்கிறா. வேணாம்னு சொல்ல மனசு வரல."

நோட்டு பொய் சொல்லவில்லை. கையுறை மாட்டிய நேரத்தை எழுதச் சொன்னவள், கை செய்த வேலையை எழுதச் சொல்லவில்லை. ஊரையெல்லாம் ஆதாரம் கேட்டவள் தப்பானதை அளந்திருந்தாள். அசடு வழியாமல் பையிலிருந்து, மாற்றுக்கு வைத்திருந்த இன்னொரு கையுறையை எடுத்தாள்.

"அம்மா, வலது கையை நீட்டுங்க."

"எனக்கு எதுக்கு? என் கை நல்லாத்தானே இருக்கு?"

"அதாம்மா பிரச்சினை."

சாப்பிடும்போதும் உடுத்தும்போதும் அம்மாவுக்கும் கையுறை என்று ஏற்பாடாயிற்று. முதல் நாள் சாப்பாடு தரைக்குப் பாதி, அவருக்குப் பாதி. பதறி முன்னால் ஓடும் கையை அடக்க, அம்மா அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். நான்காம் நாள் பட்டன்களை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்ட பூட்டுக்காரர், யார் சொல்லியும் திருத்தாமல் அதே கோணல் சட்டையில் தெருவைச் சுற்றிவந்தார்.

இருபத்தோராம் நாள், ஐம்பத்தெட்டு. துறைத் தலைவர் நம்பாமல் மறுபடி நடச் சொன்னார். ஐம்பத்தேழு. திங்கட்கிழமை முதல் அரை நாள் கடை திறக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

"எது வேலை செஞ்சது? அவர் கையுறையா, அந்த அம்மா கையுறையா?" என்றும் கேட்டார்.

"ஒருத்தரை வச்சு எப்படி சார் சொல்றது? இன்னும் இருபது பேர் வேணும். பாதிப் பேர் வீட்டுல மட்டும் வீட்டம்மாவுக்கும் மாட்டி, அளந்து பாக்கணும்."

"எந்த வீட்டம்மா சார் ஒத்துக்குவாங்க, அதையும் சொல்லுங்க," என்று அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தார் அவர்.

அக்கா கதவைத் திறந்துவிட்டாள். வெளியே பெஞ்சில், புதிதாக வந்த நோயாளியின் மனைவியிடம் பூட்டுக்காரரின் மனைவி தன் கையுறையை மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"முதல் ரெண்டு நாள் கை அரிக்கும். அப்புறம் பாருங்க, நாமளும் சூடா உக்காந்து சாப்பிடலாம்."