அக்கா வாங்காத வீடு

அக்கா பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். கலியாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தம்பியான என் வீட்டில் ஒண்டியிருக்கவும் அவளுக்கு விருப்பமில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இரண்டு அறை வீடொன்றைப் பார்த்து, விலையும் பேசி வைத்திருந்தாள். வீட்டுக்காரர் ஒரு முஸ்லிம் புடைவை வியாபாரி. பணம் ஏறக்குறைய சேர்ந்த நேரத்தில் இரண்டாம் உலக யுத்தம் வந்தது.

பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். அரசாங்கத்துக்குக் கடன் கொடுங்கள், வட்டியோடு திரும்பி வரும், ஒரு சதமும் குறையாது என்றார். வியாபாரியும் அந்தக் கடன் திரும்பி வரும்வரை பொறுக்கச் சம்மதித்தார். வீட்டைப் பட்டாளத்து அதிகாரி ஒருவருக்கு வாடகைக்கு விட அவருக்கு வசதியாயிற்று. அக்கா முழுப் பணத்தையும் யுத்தக் கடன் பத்திரத்தில் போட்டாள்.

நான் அப்போது கோட்டையில் அரசாங்கக் கந்தோரொன்றில் கிளாக்கர். அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன். முகாம் கட்டவும் கூலி கொடுக்கவும் பட்டாளத்துக்கு ரூபாய் வேண்டும். அதற்கு ஈடாக லண்டன் சாமான் அனுப்பவில்லை. நோட்டு வெளியிடும் சபை இங்கிலாந்து அரசாங்கத்தின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குப் புது நோட்டுகளை இங்கே வெளியே விட்டது. பர்மா விழுந்தபின் அரிசியும் இல்லை. நோட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது, விலைகள் ஏறிக்கொண்டிருந்தன.

"அப்ப அவையின்ர கடன் துண்டை வைச்சுக்கொண்டு இஞ்ச காசு அடிக்கினம்?"

"ஓம்."

"விலையைக் கூட்டி எங்களிட்ட வரி எடுக்கினம் எண்டு சொல்லு. பேர்தான் வேற."

யுத்தம் முடிந்து பத்திரங்கள் முதிர்ந்தன. அதிகாரி சொன்னபடியே ஒரு சதமும் குறையவில்லை. இருவரும் வியாபாரியிடம் போனோம். அவர் விலையைக் கூட்டிச் சொன்னார்.

"நான் என்ன செய்ற, டீச்சர்? பழைய வெலைக்கு ஊட்டக் குடுத்தா அந்தச் சல்லிக்கு எனக்கு ஒரு அறகூட வாங்க ஏலா."

அவர் கேட்ட விலைக்கு அக்காவின் பணம் பாதியும் காணாது. அவரில் எனக்குக் கோபமில்லை. வீட்டை வாங்கியவன் பட்டாளத்துக்கு மரக்கறி கொடுத்த கொந்தராத்துக்காரன். யுத்தத்தின் தொடக்கத்தில் பெருங்கடன் பட்டவன் அவன். மலிந்துபோன ரூபாயில் அதை இலேசாக அடைத்துவிட்டான். கடன் பட்டவன் தப்பினான், சேமித்தவள் தொலைந்தாள்.

சில மாதங்களில் அதே அதிகாரி இன்னொரு கடன் கேட்டு அதே மண்டபத்துக்கு வந்தார். நடந்ததை அக்காதான் எனக்குச் சொன்னாள். கேள்வி நேரத்தில் எழுந்து ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள்: "நான் தந்த பணத்தில் ஒரு வீடு இருந்தது. நீங்கள் திருப்பித் தந்த பணத்தில் அது இல்லை. எங்கே போனது?"

"விலைவாசிக்கு அரசாங்கம் பொறுப்பில்லை, மிஸ்."

"நோட்டை விட்டது யார்?"

பள்ளிக்கூட அதிபர் அம்மா அவளை இருக்கச் சொன்னார். அக்கா இருக்கவில்லை, மண்டபத்தை விட்டு வெளியே போனாள். மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அவளுக்கு வரவேண்டிய கணக்குப் பகுதித் தலைமைப் பதவி அவளுக்குப் பின் வேலைக்குச் சேர்ந்தவளுக்குப் போனது. அந்த வருடமே கொட்டாஞ்சேனையில் வேறு பள்ளிக்கூடம் தேடிக்கொண்டாள்.

யுத்தத்துக்குச் செலவு உண்டு என்பது எனக்கும் தெரியும். யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதைத்தான் இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நோட்டுச் சபை சேர்த்து வைத்த இங்கிலாந்துப் பத்திரங்களைக் காசாக்கிச் சாமான் வாங்கலாம் என்றபோது, ஒரேயடியாகத் தரமுடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்றது லண்டன். எங்களை மட்டும் உடனே தரச் சொன்னவர்கள் அவர்கள்.

அக்கா கொட்டாஞ்சேனையில் கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தாள். சம்பளத்தில் மிஞ்சியதைச் செட்டியார்தெருவில் பவுனாக வாங்கினாள். அரசாங்கப் பத்திரம் எதையும் பிறகு அவள் கையால் தொடவில்லை.